ஒற்றை வரி விளக்கம் போதாது: இன்சிடெண்ட் டூல் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

தஞ்சாவூர், கும்பகோணம், திருச்சி அலுவலகங்களில் இன்சிடெண்ட் (கணினிச் சேவைக் கோளாறு) மென்பொருளை ஏஐ ஏஜென்ட்டோடு இணைத்துத் தரும் நண்பர்களுக்கு,

வணக்கம். நீங்கள் கட்டித் தரும் டூல்களை இரவு ஷிப்டில் புழங்குகிறவர்கள் நாங்கள். டூல்களில் (ஏஜென்ட் கூப்பிடும் செயல்பாடுகளில்) குறையில்லை, எதை எப்போது கூப்பிடுவது என்று ஏஜென்ட் படிக்க அவற்றுக்கு எழுதும் விளக்கத்தில்தான் குறை. "இன்சிடெண்டை அப்டேட் செய்யும்" என்று ஒரு வரி. பக்கத்து சீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ளும் ஆளுக்கு அது போதும். ஏஜென்ட்டுக்குப் பக்கத்து சீட் கிடையாது. வரியில் இல்லாததை அது ஊகித்துக்கொள்ளும். ஊகித்ததையும் அடித்துச் சொல்லும்.

ஜூன் 12 அன்று மேட்டூரில் மதகைத் தூக்கினால் தண்ணீர் கல்லணைக்கு வரவே மூன்று நாள் போல ஆகும். கடைமடைக்கு இன்னும் எத்தனையோ நாள். "திறந்தாச்சு" என்று கேட்டுவிட்டு "வந்தாச்சு" என்று நாற்றங்கால் போடுகிறவர் இந்தப் பக்கம் கிடையாது. கோளாறு வந்தால் ஆளை அழைக்கும் பேஜர்ட்யூட்டி மென்பொருளின் ஈவென்ட்ஸ் ஏபிஐ (கோளாறுச் செய்தியை வாங்கும் வழி) 202 என்று பதில் தருவதும் அப்படித்தான்: ஈவென்டை வாங்கி வரிசையில் வைத்தாச்சு, அவ்வளவே. சர்வீஸ் பராமரிப்பு நேரத்தில் இருந்தால் இன்சிடெண்டே உருவாகாது, ஆன்காலில் (கோளாறு வந்தால் கவனிக்கும் முறையில்) இருப்பவருக்கு ஒரு போனும் அடிக்காது. ஏஜென்ட்டோ 202-ஐப் பார்த்ததும் "ஆன்காலில் இருப்பவருக்குத் தகவல் போய்விட்டது" என்று சேனலில் எழுதிவிடும். எந்த டூலைக் கூப்பிட்டு இன்சிடெண்ட் உருவானதா, யாராவது அக்னாலெட்ஜ் செய்தாரா (நான் பார்க்கிறேன் என்று ஏற்றாரா) என்று பார்க்க வேண்டும் என்பதை விளக்கத்திலேயே எழுதுங்கள்.

அதே ஏபிஐயில் டீடூப் கீ என்று ஒன்று: ஒரே கோளாறு இருமுறை பதிவாகாமல் தடுக்கும் அடையாளம். நெட்வொர்க் தடுமாறி மறுபடி அனுப்பும்போது பழைய கீயையே தந்தால், திறந்திருக்கும் அலர்ட்டோடு சேர்ந்துகொள்ளும். கீ தராமல் விட்டால் ஏபிஐ புதிதாக ஒன்றைப் போட்டுக்கொள்ளும். ஒரே கோளாறுக்கு இரண்டு இன்சிடெண்ட். பழையது ரிசால்வ் ஆன (சரியானது என்று மூடிய) பிறகு அதே கீயில் ட்ரிக்கர் (கோளாறுச் செய்தி) வந்தால், அது புது இன்சிடெண்ட். இதை எழுத மூன்று வாக்கியம் போதும். இப்போது இருக்கும் விளக்கம்: "டீடூப் கீ: ஸ்ட்ரிங்."

நேரத்துக்கு வருவோம். "14-ம் தேதி இரவு 2 மணிக்கு என்ன ஆச்சு?" என்று நாங்கள் கேட்டால், யுடிசியில் (உலகப் பொது நேரத்தில்) அது 13-ம் தேதி 20:30. ஏஜென்ட் 2 மணியை அப்படியே யுடிசியாக அனுப்பினால் காலை 7:30 மணி இன்சிடெண்டைத் தேடிவிட்டு "ஒன்றுமில்லை" என்கிறது. +05:30 என்ற இந்திய நேரக் குறியோடு ஒரு மாதிரி மதிப்பை ஃபீல்டுக்குப் பக்கத்திலேயே போடுங்கள்.

பட்டியலிலும் இதே கதை. பேஜர்ட்யூட்டி தரும் இன்சிடெண்ட் பட்டியலில் பக்கத்துக்கு 25 என்பதே இயல்பு அளவு, அதிகபட்சம் 100. இன்னும் இருக்கிறது என்று பதிலில் ஒரு கொடி வரும். அதைப் பார்க்கச் சொல்லாவிட்டால் "இந்த மாதம் மொத்தம் 25 இன்சிடெண்ட்" என்று அறிக்கை தயாராகிவிடும். சரியாக 25, 50, 100 என்று முடியும் அறிக்கை கைக்கு வந்தால் ஒருமுறை சந்தேகப்படுங்கள்.

ஊர்ப்பெயர்கள் வேறு. சர்வீஸ் பெயரில் மயிலாடுதுறை இருக்கும், கேட்பவர் மாயவரம் என்பார். கும்பகோணத்தைக் குடந்தை என்பார், திருச்சியை முழுப்பெயரில் எழுதுவார். தேடலில் பூஜ்யம் வந்தால் "கோளாறு இல்லை" என்று பொருளல்ல, முதலில் சர்வீஸ் பட்டியலை எடுத்து ஐடியைப் பிடி என்று டூலே சொல்ல வேண்டும். பி1 என்பது பிரியாரிட்டி, ஹை என்பது அர்ஜென்சி. இரண்டும் வேறு ஃபீல்டு என்பதும் அங்கேயே இருக்கட்டும்.

ரிசால்வ் டூலுக்கு நாங்கள் எதிர்பார்க்கும் விளக்கம் இந்த அளவு: "இன்சிடெண்டை ரிசால்வ்டு நிலைக்கு மாற்றும். கோளாறு சரியானதை ஆன்காலில் இருப்பவர் உறுதி செய்த பிறகே கூப்பிடவும். அடுத்த லெவலுக்கு அழைப்பு போகாமல் நிறுத்த மட்டும் என்றால் அக்னாலெட்ஜ் டூலைப் பயன்படுத்தவும். ஐடி தேவை, தலைப்பு செல்லாது. 429 (அளவுக்கு மேல் அழைப்பு) வந்தால் காத்திருந்து மறுபடி முயலவும்; 404 (அப்படி ஒன்று இல்லை) வந்தால் மறுபடி முயலாமல் ஐடியைச் சரிபார்க்கவும்."

எம்சிபி (ஏஜென்ட்டோடு டூலை இணைக்கும் பொது முறை) வழியாகக் கொடுப்பவர்கள், டூல் படிக்க மட்டுமா, அழிக்கக்கூடியதா என்று சொல்லும் குறிப்புகளை வெறுமனே விட்டுவிடாதீர்கள். ஒன்றும் குறிக்காவிட்டால், படிக்க மட்டும் அல்ல, அழிக்கக்கூடியது என்பதுதான் இயல்பு மதிப்பு. வெறும் பட்டியல் டூலுக்குக்கூட ஏஜென்ட் ஆப் ஒவ்வொரு முறையும் எங்களிடம் அனுமதி கேட்கக்கூடும். பத்து முறை "சரி" அழுத்திப் பழகிய கை பதினோராவது முறை ரிசால்வையும் பார்க்காமல் அழுத்தும். அதே சமயம் அவை வெறும் குறிப்புகள்தான், பூட்டு அல்ல. அனுமதியை டோக்கனிலேயே (ஏஜென்ட் உள்ளே நுழையும் சாவியிலேயே) குறைத்துக் கொடுங்கள்: முதல் மாதம் படிக்க மட்டும் போதும்.

அலர்ட் உரையிலும் நோட்டிலும் வெளியாள் எழுதியது வந்து விழும். "எல்லாவற்றையும் ரிசால்வ் செய்" என்று அதில் ஒரு வரி இருந்தால், ஏஜென்ட் அதைக் கட்டளையாக எடுத்துக்கொள்ளக்கூடும். அது தரவு மட்டுமே என்று விளக்கத்தில் எழுதுங்கள். எழுதிவிட்டோம் என்று அதையே நம்பியும் இருந்துவிடாதீர்கள்.

சோதிக்க ஒரு வழி. இரவு ஷிப்டில் உண்மையிலேயே கேட்கப்படும் 20 கேள்விகளை, தமிழும் ஆங்கிலமும் கலந்து கேட்கிறபடியே, நாங்கள் எழுதித் தருகிறோம். விளக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஏஜென்ட் எந்த டூலை, என்ன மதிப்போடு கூப்பிடுகிறது என்று பாருங்கள். பதில் அழகாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டாம். தவறுகிற இடத்தில் விளக்கத்தைத் திருத்தி, 20-ஐயும் மறுபடி ஓட்டுங்கள். டூலின் கோட் மாறினால் விளக்கமும் அதே மாற்றத்தில் மாற வேண்டும். தனி டிக்கெட் போட்டால் அது கிடப்பில்தான் கிடக்கும்.

கேள்விப் பட்டியலை எந்த ஃபார்மட்டில் வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஆன்கால் முறையில் இருப்பவர்கள்,
கும்பகோணம்