தலைவரம்மா மட்டும் இருக்கும் படம்

அன்புள்ள அக்கா,

போன வாரம் போனில் நீங்கள் கேட்டது சின்ன விஷயம்தான். "நான் தலைவரா இருந்தப்ப எடுத்ததுல, நான் மட்டும் இருக்கிற மாதிரி ஒரு படம் குடுப்பா, பாப்பா ஃப்ரேம் போடணும்கிறா." ஐந்து வருடம் ஊராட்சியில் எந்தக் கூட்டம் என்றாலும் கேமராவைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றவன் நான், அதனால் யோசிக்காமல் சரி என்று சொல்லிவிட்டேன். ராத்திரி ஹார்ட் டிஸ்க்கைத் திறந்து பார்த்தால், 2020 படங்களில் அப்படி ஒன்றுகூட இல்லை.

2019 டிசம்பரில் தேர்தல், ஜனவரி 6 பதவியேற்பு, 26ஆம் தேதி உங்கள் முதல் கிராம சபை. கொடி அவிழ்ந்து பூ கொட்டுகிற அந்த ஒரு நொடிக்கு மட்டும் முப்பது கிளிக் செய்திருக்கிறேன். பூ இருக்கிறது, வானம் இருக்கிறது, கயிற்றைப் பிடித்திருக்கிற உங்கள் கை இருக்கிறது, பச்சைக் கண்ணாடி வளையல்கூடத் தெரிகிறது, முகம் இல்லை. அப்புறம் கூட்டத்தில், துண்டு விரித்த நீல பிளாஸ்டிக் நாற்காலியில் மாமா உட்கார்ந்திருக்கிறார், நீங்கள் பின்னால் தூணை ஒட்டி நிற்கிறீர்கள், ஃபோகஸ் அவர் மேல். ஊரே அவரைத் தலைவர் என்றும் உங்களைத் தலைவரம்மா என்றும் கூப்பிட்ட காலம் அது. மாமா மேல் எனக்குக் கோபம் இல்லை, நடுராத்திரி மோட்டார் ஓடவில்லை என்றால் டார்ச்சை எடுத்துக்கொண்டு ஓடியவர் அவர். ஆனால் தேர்தலில் நின்று ஜெயித்தது நீங்கள். உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடம் என்று 2016-ல் சட்டத்தைத் திருத்தினார்களே, அந்தக் கணக்கில் நடந்த முதல் தேர்தல் உங்களுடையது. இது எல்லாம் தெரிந்தும் லென்ஸை அந்தப் பக்கம் திருப்பியிருக்கிறேன், அது என் தப்பு.

கொரோனாவால் அந்த வருடம் மீதிக் கூட்டங்கள் நடக்கவில்லை. அக்டோபரில் கடலூர் மாவட்டம் தெற்குத் திட்டையிலிருந்து ஒரு படம் வந்தது, ஞாபகம் இருக்கிறதா? மற்றவர்கள் நாற்காலியில் இருக்க, பட்டியல் சமூகத்தைச் சேர்ந்த ஊராட்சித் தலைவர் தரையில் உட்கார்ந்திருந்தார். எந்தப் போட்டியிலும் பரிசு வாங்காத படம், ஆனால் அதைப் பார்த்துத்தான் நாடே கேள்வி கேட்டது, வழக்கு பதிவானது. கூட்டத்தில் படம் எடுக்கப் போகிறவன் முதலில் யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்க்கணும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

அதனால்தான் 2022 அக்டோபர் 2 படங்கள் வேறு மாதிரி இருக்கின்றன. வேப்பமரத்தடி, காலை பதினொரு மணி, இலை வழியாக வெயில் புள்ளி புள்ளியாக விழுகிறது. கிழக்குத் தெரு ஆத்தா எழுந்து, எங்க தெருவுக்கு மட்டும் தண்ணி ஏன் அரை மணி நேரத்தில் நின்று போகிறது என்று கேட்டார். செயலர் ஏதோ சொல்ல வாயெடுத்தார், மாமாவும் முன்னால் வந்தார். நீங்கள் கையைக் காட்டி இருவரையும் நிறுத்திவிட்டு, மடியில் இருந்த அறுபது பக்க நோட்டைப் பிரித்து, எந்த வால்வு எந்த நேரம் திறக்கிறார்கள், எந்தக் குழாய் எப்போது பதித்தது என்று வரிசையாகப் படித்தீர்கள். ஆத்தா உட்காரவில்லை, திருப்பிக் கேட்டார், நீங்களும் திருப்பிச் சொன்னீர்கள். டெல்லியில் அணிவகுப்பு நடக்கிறது, செங்கோட்டையில் கொடி ஏறுகிறது, அதையும் டிவியில் ஆசையாகப் பார்க்கிறவன்தான் நான். ஆனாலும் என் நாட்டை ஒரே படத்தில் காட்டு என்று யாராவது கேட்டால் அந்த வேப்பமரத்தடியைத்தான் காட்டுவேன்.

2025 ஜனவரி 5-ஓடு உங்கள் காலம் முடிந்தது. ஐந்து வருடம் முடிவதற்குள் அடுத்த தேர்தலை நடத்தி முடிக்கணும் என்று அரசியலமைப்பிலேயே இருக்கிறது, நடக்கவில்லை. 2016-லும் இதே கதைதான், அப்போது மூன்று வருடத்துக்கு மேல், தலைவருக்குப் பதிலாக அரசு போட்ட தனி அலுவலர் ஆட்சி. இந்த ஆகஸ்ட் 15 கூட்டத்துக்கும் போனேன். செயலர் வரவு செலவைப் படித்தார், கூட்டத்தைக் கவனிக்க அரசு அனுப்பிய பற்றாளர் கேட்டுக்கொண்டார், தீர்மானப் புத்தகம் கைமாறியது, நூறு நாள் வேலைக்காரர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டு வெயிலுக்கு முன்னால் கிளம்பினார்கள். ஆத்தா இந்த முறையும் எழுந்து அதே தண்ணீரைப் பற்றிக் கேட்டார். எழுதிக்கொள்கிறோம் என்றார்கள். யாரையும் குறை சொல்லவில்லை, தனி அலுவலராக ஒரு ஒன்றியத்து ஊராட்சி அத்தனையையும் சுமக்கும் ஒரு வட்டார வளர்ச்சி அலுவலருக்கு எங்கள் தெரு வால்வு எப்படித் தெரியும்? எனக்கு வேண்டியது தேர்தல். ஆத்தா கேள்வி கேட்டால் பதில் சொல்லியே ஆகவேண்டிய ஒருவர், நாங்கள் ஓட்டுப் போட்டு உட்காரவைத்த ஒருவர், அந்த நாற்காலியில் இருக்கணும்.

சரி, படத்துக்கு வருகிறேன். நோட்டைப் பிரித்துப் பேசுகிற அந்தப் படத்தைப் பன்னிரண்டுக்குப் பதினெட்டில் பிரிண்ட் போடக் கொடுத்திருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு எடுத்து வருகிறேன். இடது ஓரத்தில் மாமாவின் வேட்டி நுனியும் ஒரு முழங்காலும் தெரிகிறது. வெட்டாமல்தான் கொடுத்திருக்கிறேன். பாப்பாவிடம் கேளுங்கள், வேண்டாம் என்றால் சனிக்கிழமைக்குள் ஒரு போன் போடுங்கள், மாற்றிவிடலாம்.