பைய என்னும் சொல் கொச்சையா?

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுவது. நாங்கள் இருவரும் நலம். பேத்தி எழுதிய கட்டுரையில் ‘பாட்டாவோடு பைய போனோம்’ என்றிருந்த வரியை அவளுடைய ஆசிரியர் அடித்து, ‘மெதுவாகப் போனோம்’ என்று திருத்தியிருந்ததைத் தொலைபேசியில் சொன்னாய். அது நம்மூர்க் கொச்சைதானே, பள்ளியில் எழுதக் கூடாதுதானே என்று நீயும் சேர்ந்து கொண்டதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. பேச்சில் சொல்ல வந்தால் நீ இடையில் புகுந்து விடுவாய் என்பதால் இதை எழுதுகிறேன்.

பைய என்பது கொச்சைச் சொல் அன்று. திருக்குறளில், குறிப்பறிதல் அதிகாரத்தில், ‘அசையியற்கு உண்டாண்டோர் ஏஎர்யான் நோக்கப் பசையினள் பைய நகும்’ என்று 1098ஆம் குறள் இருக்கிறது. தான் இரந்து நோக்கியபோது தலைவி நெஞ்சம் நெகிழ்ந்து மெல்லச் சிரித்தாள் என்று தலைவன் சொல்லும் இடம் அது. அந்தச் சிரிப்பு எவ்வளவு நேரம் நீடித்தது என்பதா அங்கே பேச்சு? ஓசையும் ஆரவாரமும் இல்லாமல், அடுத்தவர் அறியாமல் அரும்பிய சிரிப்பு என்பதுதான் பொருள். கொன்றைவேந்தனில் ‘பையச் சென்றால் வையம் தாங்கும்’ என்று ஔவையார் சொல்லும்போது அதே சொல் நடையின் வேகத்தைக் குறிக்கிறது. ஆகவே வேகக் குறைவு, மென்மை என்னும் இரண்டும் அந்தச் சொல்லுக்குள் பழங்காலம் முதலே சேர்ந்து இருக்கின்றன.

எனக்கு மிகவும் பிடித்த இடம் திருஞானசம்பந்தருடையது. மதுரையில் அவர் தங்கியிருந்த மடத்துக்குச் சமணர்கள் தீ வைத்தபோது, அந்தத் தீ ‘பையவே சென்று பாண்டியற்கு ஆகவே’ என்று பாடினார். அது வெப்புநோயாகப் பாண்டிய மன்னனைப் பற்றியது என்பது சைவ மரபு சொல்லும் வரலாறு. தீயைப் போகச் சொல்கிறவர் அதைப் பையப் போகச் சொல்வானேன்? இந்த ஒரு சொல்லுக்குக் காரணம் கூறுவதற்காகவே சேக்கிழார் பெரியபுராணத்தில் ஒரு பாடலைச் செலவிடுகிறார். அரசி மங்கையர்க்கரசியாரின் மங்கலநாண் காக்கப்பட வேண்டும், அமைச்சர் குலச்சிறையாரின் அன்பையும் எண்ண வேண்டும், மன்னன் உயிரோடிருந்து மீண்டும் சைவ நெறிக்குத் திரும்ப வேண்டும் என்பனவெல்லாம் அந்தப் ‘பையவே’க்குள் அடங்கியிருப்பதாக அவர் காட்டுகிறார். தண்டிக்கும்போதும் கொன்றுவிடாமல் தண்டிக்கும் அளவை ஒரு வினையடை சுமந்து நிற்கிறது.

நூல்களை விட்டு நம் வீட்டுக்கு வருவோம். தொட்டிலில் பிள்ளை உறங்கும்போது ‘பையப் பேசு’ என்றால் குரலைத் தாழ்த்து என்று பொருள். மண்சட்டியை ‘பைய வை’ என்றால் அழுத்தாதே, தட்டாதே என்று பொருள். பேருந்துப் படியில் நின்று தடுமாறும் முதியவரிடம் ‘பைய இறங்குங்க பாட்டா’ என்று நடத்துநர் சொல்லும்போது, உங்களுக்காக வண்டி நிற்கும் என்ற உறுதியும் அதில் இருக்கிறது. கைமாற்று வாங்கியவரிடம் ‘பையத் தந்தால் போதும்’ என்கிறோமே, அது காலத்தைப் பற்றியது. காய்ச்சலில் கிடப்பவரிடம் ‘பையப் பையச் சரியாயிரும்’ என்பதும் அப்படியே.

மெதுவாக என்ற சொல்லைக் குறைத்துப் பேசுவதாக எண்ணிக்கொள்ளாதே. அதுவும் மென்மையிலிருந்து பிறந்த சொல்தான். மெதுவடையைத் தின்கிறவர்கள் யாரும் அதை மறுக்க மாட்டார்கள். ஆனால் இப்போது அது பெரும்பாலும் குறை சொல்லவே வந்து நிற்கிறது: இணையம் மெதுவாக இருக்கிறது, வரிசை மெதுவாக நகர்கிறது, அலுவலகத்தில் வேலை மெதுவாக நடக்கிறது. நான் கேட்ட வரையில் நம் பக்கத்தில் பைய என்பது குறைகூறலாக அவ்வளவாக வருவதில்லை. அது பெரும்பாலும் ஒருவருக்குக் கொடுக்கும் இசைவாகவே வருகிறது. பேத்தி பாட்டாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்ததை எழுதினாள். பாட்டா மெதுவாக நடந்தார் என்று குறைப்பட்டுக்கொள்ளவில்லை. ஆசிரியர் திருத்திய வரியில் அந்தக் கைப்பிடி இல்லை.

அருமனைப் பக்கம் பிறந்தவள் என்பதால் எனக்கு இன்னொன்றும் தெரியும். ‘பய்யெத் தின்னால் பனையும் தின்னாம்’ என்று மலையாளத்தில் ஒரு பழமொழி உண்டு; பையத் தின்றால் ஒரு பனையையே தின்றுவிடலாம் என்பது பொருள். 1956 நவம்பர் 1 வரை நம் கன்னியாகுமரி மாவட்டம் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தோடு இருந்ததால், விளவங்கோடு, கல்குளம் பக்கத்துப் பேச்சில் இரு மொழிகளும் கலந்து புழங்குவது இயல்பு. அங்கே அவசரப்படுத்த ‘வேகம் வா’ என்பார்கள். ‘வேகமாக’ என்று இழுப்பதில்லை. அது மலையாள வழக்கின் சாயல், அதை எழுத்துத் தமிழில் திருத்தினால் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். நாகர்கோவிலுக்கு மருமகளாக வந்தபோது இங்கே ‘வெரசா வா’ என்றார்கள். அது விரைவின் உறவு. பைய மட்டும் இந்த இரு பக்கத்துக்கும் பொதுவாக, மலையாளத்துக்கும் தமிழுக்கும் பொதுவாக இருக்கிறது. அதனால்தான் அதை மலையாளக் கலப்பு என்று சிலர் தவறாக எண்ணுகிறார்கள் போலும்.

ஆசிரியரோடு சண்டைக்குப் போக வேண்டாம். குறள் எண்ணை மட்டும் ஒரு தாளில் எழுதிப் பணிவோடு கொடு; படித்தவர், புரிந்துகொள்வார். அவர் திருத்தியிருக்க வேண்டிய பிழை ஒன்று அந்த வரியில் இருக்கத்தான் செய்கிறது. ‘பையச் சென்றால்’ என்பதில் வல்லினம் மிகுவதுபோல ‘பையப் போனோம்’ என்று அவள் எழுதியிருக்க வேண்டும். ஒரு ப் விட்டுப்போயிற்று. அதற்கு அரை மதிப்பெண் குறைத்திருந்தால் நானே கைதட்டியிருப்பேன். அடுத்த முறை அந்த ப்பைச் சேர்த்து எழுதச் சொல்.

அன்புடன்,
அம்மா