டிராக்டரை நிறுத்திவிட்டு ஓடி வந்த அண்ணனுக்கு

விறகுக்காகப் பட்ட மரம் ஒன்றை நானே அறுக்கப் போனேன். மிஷின் ரம்பம் கையில் இருந்தால் எல்லாம் தெரிந்த மாதிரி ஒரு நினைப்பு வந்துவிடுகிறது. மரம் சாய்ந்தது, தரைக்கு வரவில்லை. பக்கத்து மரத்தின் கவட்டையில் தலை சிக்கி அந்தரத்தில் நின்றது. தாங்குகிற மரத்தையும் அறுத்துவிட்டால் இரண்டும் விழுந்துவிடும் என்று அடியில் போய் நின்றேன்.

அப்போதுதான் வந்தீர்கள் அண்ணா. திட்டவில்லை. "முதல்ல மிஷினை ஆஃப் பண்ணிட்டு இந்தப் பக்கம் வாங்க தம்பி." அவ்வளவுதான்.

நான் கேட்காமலேயே நீளமான இரும்புக் கயிற்றை அடிமரத்தில் மாட்டி, எட்டத்திலிருந்து டிராக்டரால் பின்னோக்கி இழுத்தீர்கள். தலை நழுவித் தடாரென்று விழுந்தது, நான் நின்ற அதே இடத்தில். என் தண்ணீர் பாட்டில் அதனடியில் அப்பளமாகக் கிடந்தது.

பிறகு அடிக்கட்டையைத் தடவிக் காட்டினீர்கள். மரம் சாய வேண்டிய பக்கம் போடும் முன்வெட்டுக்கும், எதிர்ப்பக்கம் போடும் பின்வெட்டுக்கும் நடுவே, மரத்தின் விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு அறுக்காமல் விட வேண்டுமாம். கதவுக் கீல் மாதிரி அதுதான் மரத்தை நினைத்த பக்கம் சாய்க்குமாம். நான் அதையும் சேர்த்து அறுத்திருந்தேன். கோடாரியின் பின்புறத்தால் தட்டினீர்கள், பொத்தென்று சத்தம். உள்ளே உளுத்திருந்தது. உளுத்த மரத்தில் கீலும் நிற்காது என்றீர்கள்.

பேரைக் கேட்பதற்குள் டிராக்டர் வளைவைத் தாண்டிவிட்டது. ரொம்ப நன்றி அண்ணா. இது கண்ணில் பட்டால் ஒரு வார்த்தை சொல்லுங்கள். உங்கள் இரும்புக் கொக்கி ஒன்று இங்கேயே விழுந்து கிடந்தது, எடுத்து வைத்திருக்கிறேன்.