மழலையர் மொழி வகுப்புக்குக் கூரை வேண்டும்: ஊராருக்கும் வெளியூர்ப் பிள்ளைகளுக்கும் வேண்டுகோள்

ரஷ்யாவின் தெற்குச் சைபீரியாவில், ககாசியாவின் அஸ்கிஸ் மாவட்டத்து நம் ஊர்ப் பெரியோர்களே, அபகானிலும் கிராஸ்னயார்ஸ்க்கிலும் அதற்கு அப்பாலும் பிழைக்கப் போன பிள்ளைகளே, வணக்கம்.

நேரே விஷயத்துக்கு வருகிறோம். நம் தாய்மொழியான ககாஸைச் சொல்லித்தரும் மழலையர் வகுப்புக்கு நாம் ஒதுக்கிய பழைய மரவீட்டின் கூரை இன்னொரு குளிர்காலத்தைத் தாங்காது என்று தச்சர் சொல்லிவிட்டார். ஆகஸ்ட் 15க்குள் முன்பணம் கொடுத்தால் பனி விழுவதற்குள் முடித்துத் தருவார். இல்லையென்றால் வேறு ஊர் வேலைக்குப் போய்விடுவார். கூரையோடு வகுப்பு நடத்தும் செலவும் சேர்த்துத் தேவை 6,72,000 ரூபிள். கையில் இருப்பது 3,91,000. குறைவது 2,81,000.

நம் பரம்பரையைப் பற்றி எழுதாவிட்டால் கடிதத்தில் கையெழுத்துப் போடமாட்டோம் என்று குழுவின் மூத்தவர்கள் பிடிவாதமாக இருக்கிறார்கள். எழுதிவிடுகிறோம். 1721இல் ஜார் முதலாம் பீட்டர் அனுப்பிய ஜெர்மானிய மருத்துவர் மெசர்ஷ்மிட் நம் ஸ்டெப்பிப் புல்வெளியில் எழுத்து வெட்டிய கற்களைப் பார்த்துக் குறித்து வைத்தார். 1893இல் டென்மார்க்கின் மொழியறிஞர் தாம்சன் அந்த எழுத்து வகையைப் படித்துக் காட்டினார். கல்லில் இருந்தது ககாஸும் சேர்ந்த துருக்கிய மொழிக் குடும்பத்தின் பழைய மொழி. வெட்டியவர்கள் யெனிசெய் ஆற்றங்கரையில் வாழ்ந்த கிர்கிஸ் முன்னோர்கள். நம் மண்ணில் 1862இல் பிறந்த நிக்கோலாய் கத்தனோவ் காசான் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். கிழக்குத் துருக்கிஸ்தான் (இன்றைய சீனாவின் சின்ஜியாங்) வரை பயணம் செய்து பாட்டும் கதையும் சேகரித்தார். அபகான் பல்கலைக்கழகத்துக்கு இன்று அவர் பெயர்தான். சட்கன் என்ற நம் தந்தி வாத்தியத்தை மீட்டி, தொண்டைக் குரலில் விடியவிடிய வீரர் கதை பாடிய கய்ஜிகள் என்ற பாடகர்களைக் கேட்டு வளர்ந்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். 1929இல் லத்தீன் எழுத்து, 1939இல் மறுபடி சிரிலிக் (ரஷ்ய எழுத்து) என்று பத்தே ஆண்டில் எழுத்தை மாற்றச் சொன்னபோதும் நம் தாத்தாக்கள் இரண்டையும் கற்றார்கள்.

சரி, இப்போது நம் நிலை என்ன? 1992 முதல் ககாசியாவில் ரஷ்யனோடு ககாஸும் அரசு மொழி. ஆனால் யுனெஸ்கோ பட்டியலில் அழியும் ஆபத்திலுள்ள மொழி. 2010 கணக்கெடுப்பில் ரஷ்யா முழுவதும் சுமார் 73,000 ககாஸியர் இருந்தோம். 2021இல் 61,000 சொச்சம். அதிலும் மொழி பேசுவோர் எல்லோரும் அல்லர். பள்ளியில் ககாஸ் வாரத்தில் சில மணி நேரம் நடக்கும் ஒரு பாடம். கணக்கும் அறிவியலும் ரஷ்யனில்தான். பள்ளியிறுதி அரசுத் தேர்வும் ரஷ்யனில்தான். 2018 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு அந்தச் சில மணி நேரம்கூடப் பெற்றோர் எழுதிக் கொடுத்தால்தான் உண்டு. தாய்மொழிப் பாடமாக ரஷ்யனையே தேர்வு செய்யவும் சட்டம் இடம் தருகிறது. நம் ஊரிலேயே சில வீடுகள் அப்படித் தேர்வு செய்திருக்கின்றன. எந்த வீடுகள் என்று குழுவுக்குத் தெரியும், பெயர் சொல்லப்போவதில்லை. விடுதிப் பள்ளியில் ககாஸ் பேசித் திட்டு வாங்கியவர்கள் தம் பிள்ளைகளைக் காப்பாற்ற நினைத்து வீட்டில் ரஷ்யன் பேசியது புரிகிறது. இன்று யார் திட்டுகிறார்கள்?

பள்ளியில் சேர்ந்த பிறகு தொடங்கினால் பிள்ளைகள் எழுத்தை வாசிப்பார்கள், வாய் திறக்க மாட்டார்கள். அதனால்தான் நான்கு, ஐந்து வயதிலேயே காலை முதல் மாலை வரை ககாஸ் மட்டும் கேட்கும் வகுப்பு. ஆசிரியை ஒருவர் கிடைத்துவிட்டார். பாட்டிமார் முறை வைத்துக்கொண்டு வந்து கதை சொல்வார்கள். கூலி வேண்டாம், தேநீர் போதும் என்கிறார்கள்.

செலவு இதுதான். கூரைத் தகரம், பலகை, தச்சுக்கூலி 2,40,000. அடுப்பும் புகைபோக்கியும் 85,000. நிலக்கரி 8 டன், 32,000. ஆசிரியை சம்பளம் மாதம் 25,000 வீதம் ஒன்பது மாதத்துக்கு 2,25,000. பாட்டிகளின் கதைகளைப் படத்தோடு அச்சிட 200 பிரதிக்கு 90,000. இதில் குழுவினருக்கு ஒரு கோபெக்கும் கிடையாது.

இதுவரை கொடுத்தவர்களை எப்படி மறப்போம்? துன் பய்ராம் திருவிழாவில் ஐரான் என்ற புளித்த பால் பானம் விற்ற காசை அப்படியே உண்டியலில் கொட்டிய பெண்களுக்கு நன்றி. ஆட்டை விற்றுப் பணம் கொண்டுவந்து, பெயரை எழுதக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போன பாட்டிக்கு நன்றி. உதவித்தொகையில் மிச்சம் பிடித்து அனுப்பிய அபகான் மாணவர்களுக்கும், வாடகை வாங்காமல் பலகை ஏற்றி வந்த லாரிக்காரருக்கும், ககாஸ் ஒரு சொல்லும் தெரியாமலே தன் பேரனுக்காக 5,000 தந்த ரஷ்யப் பக்கத்து வீட்டம்மாவுக்கும் நன்றி. அந்த அம்மாவுக்கு இருக்கும் அக்கறை நமக்கு இருக்க வேண்டாமா? போன கோடையில் ஒரு கல்யாணத்துக்கு எத்தனை ஆடு அறுத்தோம் என்று ஊருக்கே தெரியும். (பழைய கணினிகளைத் தயவுசெய்து இனி அனுப்பாதீர்கள். நான்கு கிடக்கின்றன, ஒன்றும் ஓடவில்லை.)

வேலை தொடங்கும் அன்று நெருப்புத் தாய்க்குப் பாலும் வெண்ணெயும் படைத்து, கொடுத்த ஒவ்வொரு குடும்பத்தையும் மூத்தவர் பெயர் சொல்லி வாழ்த்துவார். 500 கொடுத்தாலும் 50,000 கொடுத்தாலும் வாழ்த்து ஒன்றுதான். பட்டியல் நீளமாக இருக்கட்டும்.

பணத்தை ஊர் நூலகத்தில் பொருளாளரிடம் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். வெளியூரில் இருப்பவர்கள் உறவினர் மூலம் அனுப்பலாம். வரவு செலவு ஒவ்வொரு சனிக்கிழமையும் கடை வாசலில் ஒட்டப்படும். பணம் இல்லாதவர்கள் ஒரு நாள் கூரைமேல் ஏறி வேலை செய்யுங்கள். அப்புறம், செப்டம்பர் 1க்கு முன் பள்ளிக்குப் போய்த் தாய்மொழிப் பாடம் ககாஸ் என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்; அதற்கு ஒரு காசும் செலவில்லை.

இப்படிக்கு,
மழலையர் மொழி வகுப்புக் குழுவினர்