படம் எடுத்தாலே நோயா?

ஆசிரியர் அவர்களுக்கு,

தீபாவளிக்குப் புதுச் சட்டை போட்டு, தேயிலை மலை பின்னால் தெரிய ஒரு செல்ஃபி எடுத்த எங்கள் தோட்டத்துப் பிள்ளையைப் பார்த்து, படித்தவர்களே 'இவளுக்கு நார்சிசிசம்', அதாவது தன்மீதே மோகம் கொள்ளும் நோய் என்கிறார்கள். கேட்கவே கோபம் வருகிறது.

அந்தச் சொல்லுக்குப் பெயர் தந்த கிரேக்கக் கதையின் நார்சிசஸ் தண்ணீரில் தெரிந்த முகத்துக்கு ஏங்கியே செத்தவன். ரோமக் கவிஞர் ஓவிட் சொல்லும்படி அது தன் முகம்தான் என்பதே அவனுக்கு முதலில் தெரியாது, தன்னை நேசித்தவர்களையெல்லாம் உதறித் தள்ளியதற்குக் கிடைத்த தண்டனை அது. 1898இல் ஆங்கிலேய மருத்துவர் ஹேவ்லாக் எல்லிஸ் அவனை உளவியலுக்குள் கொண்டுவந்தார், அப்புறம் 1914இல் உளப்பகுப்பாய்வை உருவாக்கிய ஃப்ராய்ட், இந்தத் தன்மோகம் ஓரளவு எல்லாரிடமும் உண்டு என்றே எழுதினார். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில் ஆளுமைக் கோளாறாக அது ஏறியது 1980இல்தான். அதற்கும் பாராட்டுக்கு ஏங்குவது மட்டும் போதாது. அடுத்தவர் வலி உறைக்காமல் இருப்பது, ஆட்களைத் தன் காரியத்துக்குப் பயன்படுத்துவது என்று பல குணங்கள் சேர்ந்து நெடுநாள் நிலைத்திருக்க வேண்டும்.

தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்துப் பிள்ளை தலைநிமிர்ந்து கெமராவைப் பார்ப்பது எனக்குச் சந்தோஷம்தான். ஒரு மனநல மருத்துவரிடம் கேட்டு இதைப் பற்றி விரிவாக எழுதுங்கள்.

வாசகி, பொகவந்தலாவை