வரிசையில் உடன் நின்றவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

அண்மையில் வெளியான ஆன்லைன் ரோல்பிளேயிங் விளையாட்டுக்காக மதுரை, திருமங்கலம், மேலூர், உசிலம்பட்டி வட்டாரங்களில் இருந்து ஒன்று சேர்ந்த எங்கள் கில்டின் (விளையாட்டில் சேர்ந்து ஆடும் குழுவின்) சார்பில் இம்மடலை எழுதுகிறேன். விளையாட்டின் பெயரையும் அதை வெளியிட்ட நிறுவனத்தின் பெயரையும் இங்கே சொல்லப்போவதில்லை. புகாரை எழுத வேண்டிய இடத்தில் எழுதியாயிற்று, இம்மடல் உதவியவர்களுக்கானது.

வெளியீட்டு வாரத்தில் என்ன நடந்தது என்பதை உடன் இருந்தவர்கள் அறிவீர்கள். முன்கூட்டியே பதிவு செய்து, மொத்தக் கோப்பையும் இறக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தவர்களுக்கு முதலில் கிடைத்தது லாகின் வரிசை, அதாவது விளையாட்டுக்குள் நுழையத் திரையின் முன் முறைக்காகக் காத்திருப்பது. வரிசை நகர்ந்து உள்ளே போனவர்களுக்கு, ஆடுவதற்கான கதாபாத்திரத்தை உருவாக்கி முடிக்கும் தறுவாயில் இணைப்பு அறுந்தது; மறுபடி வந்தால் வரிசையின் கடைசியில்தான் இடம். அதையும் தாண்டி ஆடியவர்கள் சிலருக்கு, அவசரப் பராமரிப்புக்குப் பின் சர்வரை (விளையாட்டு ஓடும் மையக் கணினியை) பழைய நிலைக்குத் திருப்பியபோது, சேர்த்த பொருளும் ஏறிய லெவலும் காணாமற்போயின. ஆத்திரம் வந்தது நியாயமே. அந்த ஆத்திரத்துக்கு நடுவே, தெரிந்ததைத் தெரிந்த அளவுக்கு மட்டும் சொல்லி எங்களை நடத்திச் சென்ற சிலருக்கு நாங்கள் கடன்பட்டிருக்கிறோம்.

முதலில் வில்லாபுரத்துக் கேபிள் இணைய அலுவலகத்தில் வேலை செய்யும் அண்ணன். எங்களில் பலருக்கு லாகின் பக்கமே திறக்காமல் ‘அதிகப்படியான முயற்சிகள்’ என்ற அறிவிப்பு வந்துகொண்டிருந்தது. ஒருமுறை மட்டுமே முயன்றவருக்கும் அதே அறிவிப்பு வந்ததால், விளையாட்டு நிறுவனம் பொய் சொல்கிறது என்று பாதிப் பேரும், உள்ளூர் லைன் சரியில்லை என்று மீதிப் பேரும் கத்திக்கொண்டிருந்தோம். தம் பணிநேரம் முடிந்த பிறகு எங்களுக்காக உட்கார்ந்த அவர், தகவல் செல்லும் பாதையைக் காட்டும் டிரேஸ்ரூட் என்ற சோதனையை எடுத்து, தகவல் பொட்டலங்கள் மதுரையில் இருந்து சென்னை வழியாகக் கடலடிக் கேபிளில் சிங்கப்பூர் வரை ஒழுங்காகப் போய்ச் சேர்வதை முதலில் காட்டினார். அதன் பிறகு அவர் விளக்கியதுதான் முக்கியம். நம் நாட்டில் வீட்டு இணைப்புகள் பலவற்றுக்குத் தனித்தனிப் பொது ஐபி முகவரி (இணையத்தில் ஓர் இணைப்பை அடையாளம் காட்டும் எண்) கிடையாது. சிஜிநாட் என்ற முறையில் ஒரே முகவரியைப் பல வீடுகள் பகிர்ந்துகொள்கின்றன. ஒரே பகுதியில் ஒரே நிறுவனத்தின் இணைப்பை வைத்திருக்கும் நாம் எல்லோரும் ஒரே நேரத்தில் விடாமல் பொத்தானை அழுத்தினால், தொலைவில் இருக்கும் சர்வருக்கு அது ஒரே ஆள் ஆயிரம் முறை கதவைத் தட்டுவதாகத் தெரியும். தாக்குதலோ என்று எண்ணி அது அந்த முகவரியைச் சற்று நேரம் தடுத்து வைக்கும்.

இது தம்முடைய ஊகம்தான், நிறுவனம் உறுதி செய்யவில்லை என்பதையும் அவரே சொன்னார். ஆனால் கைப்பேசியின் டேட்டாவைப் பகிர்ந்து முயன்றவர்கள் தடையின்றி வரிசைக்குள் நுழைந்ததும், நாங்கள் முறை வைத்து இடைவெளி விட்டு முயலத் தொடங்கிய பின் அந்த அறிவிப்பு பெருமளவு குறைந்ததும் கண்கூடு. தம் வாடிக்கையாளரே அல்லாத பிள்ளைகளுக்கும் ராத்திரியில் பொறுமையாகப் பதில் சொன்ன அவருக்கு எங்கள் மனமார்ந்த நன்றி.

அடுத்து, அறிவிப்புகளைத் தொகுத்துக்கொடுத்த பசுமலை அக்கா. நிறுவனம் சொன்னது, நாம் சோதித்துப் பார்த்தது, வெறுமனே கேள்விப்பட்டது என்று மூன்று தலைப்புகளில் அவர் அன்றாடம் எழுதி அனுப்பிய குறிப்புகள் இல்லாவிட்டால், யாரோ கிளப்பிய வதந்தியை நம்பி விளையாட்டை அழித்துவிட்டு மறுபடி இறக்கியே பலருக்கு மாத டேட்டா தீர்ந்திருக்கும். பராமரிப்பு நேரங்களை அமெரிக்கப் பசிபிக் நேரத்தில் அறிவிக்கிறார்கள். அதற்கும் நமக்கும் உள்ள வேறுபாடு அங்கே கோடைநேரம் நடக்கையில் 12½ மணி, மற்றக் காலத்தில் 13½ மணி. அந்த ஒரு மணி நேரக் குளறுபடியில் எத்தனை பேர் விடியற்காலையில் வீணாக எழுந்து உட்கார்ந்திருப்பார்கள் என்பதை எண்ணும்போது, ஒவ்வொரு அறிவிப்புக்கும் இந்திய நேரத்தைக் கணக்கிட்டுத் தந்த அவருடைய கவனத்தின் அருமை புரிகிறது.

சிம்மக்கல்லில் கேமிங் சென்டர் நடத்தும் அண்ணனைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் அவருக்கே பிடிக்கும். வரிசையில் காத்திருந்த நேரத்துக்கு அவர் எங்களிடம் காசு வாங்கவில்லை; உள்ளே போய் ஆடிய நேரத்துக்கு மட்டுமே வாங்கினார். பராமரிப்புக்காகப் பகலில் மின்சாரம் நிறுத்தப்பட்ட நாளில், கடையில் மற்ற இயந்திரங்களை அணைத்துவிட்டு, வரிசையில் நின்றவற்றை மட்டும் யுபிஎஸ்ஸில் ஓடவிட்டார். அவருக்கு இதில் ஒரு பைசா லாபம் இல்லை.

திருநகர் ஐயா எங்கள் கில்டில் மூத்தவர். பிரவுசிங் சென்டர் காலத்தில் இருந்தே இவ்வகை விளையாட்டுகளை ஆடி வருபவர். இளையவர்கள் கொதித்துக்கொண்டிருந்த இரவுகளில் அவர் பழைய கதைகளைச் சொன்னார்: 2001 ஜூனில் வெளியான அனார்க்கி ஆன்லைன் தொடக்கத் தடுமாற்றத்துக்கே பேர்போனது, 2012 மே 15 அன்று டயாப்லோ 3 வெளியானபோது உள்ளே நுழைய முடியாதவர்களின் திரையில் வந்த ‘எரர் 37’ என்ற வரியே உலகம் முழுவதும் ஒரு கேலிச்சொல் ஆனது, 2010 செப்டம்பரில் வந்த ஃபைனல் ஃபேன்டஸி 14 எடுபடாமல்போக, பொறுப்பை ஏற்ற தயாரிப்பாளர் நவோகி யோஷிதா, 2012 நவம்பரில் பழைய சர்வர்களையே மூடிவிட்டு, 2013 ஆகஸ்டில் அதைப் புதிதாகக் கட்டிக் கொண்டுவந்தார். அதே விளையாட்டின் எண்ட்வாக்கர் விரிவாக்கம் 2021 டிசம்பரில் வெளியானபோது மறுபடியும் நெரிசல். சிப் தட்டுப்பாட்டால் உடனே சர்வர் கூட்ட முடியாத நிலையில், விற்பனையையே நிறுத்திவைத்து, ஆடுவோருக்கு முதலில் 7 நாள்களும் பின்னர் மேலும் 14 நாள்களும் இலவசமாகக் கொடுத்து, 2022 ஜனவரி 25 அன்றுதான் விற்பனையைத் திரும்பத் தொடங்கினார்கள்.

இந்த வரலாறு பணம் கட்டியவருக்கு ஆறுதல் ஆகும் என்று நான் கருதவில்லை. இருபது ஆண்டுகளாக ஒரே தவறு திரும்பத் திரும்ப நடக்கிறது என்றால், கூட்டம் வரும் என்று தெரிந்தே இடத்தைக் குறைவாக வைக்கிறார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது. முதல் வாரக் கூட்டம் இரண்டாம் மாதம் இராது என்பதால் அதற்கேற்பச் சர்வர் வாங்கினால் நட்டம் என்று ஐயா விளக்கினார். அந்தக் கணக்கு நிறுவனத்துக்குச் சரி, நமக்கு அல்ல. இந்த வாதத்தில் நாங்கள் இன்னும் உடன்படவில்லை. எனினும், எதைக் கேட்கலாம், இலவச நாள்கள் கேட்பதற்கு முன்னுதாரணம் உண்டா என்பவை அவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தன. நாங்கள் அனுப்பிய கூட்டு மனுவின் ஒவ்வொரு கோரிக்கையும் அந்தப் பேச்சில் பிறந்தது.

எல்லீஸ் நகர்த் தம்பிக்கும் நன்றி. ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடையில் வாங்கிய விளையாட்டுக்கு 14 நாள்களுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். ஆனால் நிரல் ஓடிக்கொண்டிருக்கும் நேரமெல்லாம் ஆடிய நேரமாகவே கணக்கில் ஏறும், வரிசையில் நிற்பதும் அதில் அடங்கும் என்பதை அவர் முதல் நாளே எல்லோருக்கும் எச்சரித்தார். அதனால் பணம் தப்பித்த கல்லூரிப் பிள்ளைகள் உண்டு. வாடிக்கையாளர் சேவையில் பதில் எழுதும் ஊழியரை வசைபாடி எழுதியிருந்த நம் உறுப்பினர்களிடம் பேசி, அவற்றை அவர்களே நீக்கி, சர்வரின் பெயர், தேதி, எரர் எண் ஆகியவற்றோடு புதிதாக எழுதும்படி செய்தவரும் அவரே. கடுமையான விமர்சனமாகவே அவை இன்றும் இருக்கின்றன, இருக்கட்டும்.

எங்கள் சர்வர் நிரம்பி, புதிய பாத்திரங்களுக்குக் கதவு அடைக்கப்பட்டபோது கில்டே இரண்டாகும் நிலை வந்தது. புதிய சர்வர் திறந்த நொடியில் கில்டின் பெயரை எங்களுக்காகப் பதிவு செய்து வைத்த யாழ்ப்பாணத்துத் தோழருக்கும், ஏற்கெனவே வெகுதூரம் முன்னேறியிருந்தும் அதையெல்லாம் விட்டுவிட்டுப் பின்தங்கியவர்களோடு அங்கே முதல் லெவலில் இருந்து மறுபடி தொடங்கிய ஹீலர்களுக்கும் (குழுவின் காயம் ஆற்றுவோர்) டேங்குகளுக்கும் (எதிரியின் அடியை முன்னின்று தாங்குவோர்) எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. குறிப்பாக ஹீலர்கள்: தனியாக ஆடி லெவல் ஏற்றுவது அவர்களுக்கு எவ்வளவு சிரமம் என்பது ஆடியவர்களுக்குத் தெரியும்.

பணத்தைத் திரும்பப் பெற்று விலகியவர்களுக்கும் இம்மடலில் இடம் உண்டு. காரணத்தை மறைக்காமல் எழுதிவிட்டுப் போனீர்கள். மனுவில் சேர்க்கவும் ஒப்புக்கொண்டீர்கள். இலவசச் சர்வர் மாற்றம் அடுத்த பராமரிப்புக்குப் பின் திறக்கும் என்று நிறுவனம் அறிவித்திருக்கிறது. அந்த நேரத்தை அக்கா இந்திய நேரத்தில் அனுப்புவார். மறுபடி வாங்க நினைப்பவர்கள் அதுவரை பொறுத்திருந்து, சர்வர் நிலையைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். உங்கள் பெயர்களைக் கில்டின் பட்டியலில் இருந்து எடுக்கவில்லை.

நன்றியுடன்,
கில்டு ஒருங்கிணைப்பாளர்,
மதுரை.