வீட்டிலிருந்து வேலை பார்த்தாலும் ஊழியர்தான்

ஆசிரியருக்கு வணக்கம்.

'வீட்டிலிருந்து வேலை' என்றாலே, அலுவலகத்துக்குத் திரும்ப வேண்டுமா, வேண்டாமா என்றுதான் விவாதம் நடக்கிறது. அப்படி வேலை பார்ப்பவர்களில் பலர் ஊழியர் கணக்கிலேயே இல்லை என்பதை யாரும் பேசக் காணோம்.

நான் காரைக்குடியில் இருந்தபடி பெங்களூரு ஐ.டி. நிறுவனம் ஒன்றுக்கு டெஸ்டிங் வேலை செய்கிறேன். லேப்டாப் அவர்களுடையது. காலை மீட்டிங்கில் இருந்தாக வேண்டும், லீவுக்கு மேனேஜர் அனுமதி வேண்டும், வேறு நிறுவனத்துக்கு வேலை செய்யக்கூடாது. ஆனால் நான் 'கன்சல்டன்ட்'. 10 சதவீத டி.டி.எஸ். (முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி) பிடித்துக்கொண்டு 'தொழில்முறைக் கட்டணம்' என்று பணம் தருகிறார்கள். பி.எஃப். கிடையாது, கிராஜுவிட்டி கிடையாது. எங்கள் டீமில் நிரந்தர ஊழியரான ஒரு பெண்ணுக்கு 26 வார மகப்பேறு விடுப்பு கிடைத்தது. அதே வேலையைச் செய்த கன்சல்டன்ட் தோழி கர்ப்பமானபோது ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை, அவ்வளவுதான்.

இப்படி வேலை செய்பவர் ஊழியரா, இல்லையா என்பது சட்டத்துக்குப் புதிய கேள்வியும் அல்ல. சில்வர் ஜூப்ளி தையலகம் வழக்கில் 1973-லேயே உச்ச நீதிமன்றம் பதில் சொல்லிவிட்டது. அங்கே தைத்த உருப்படிக்குத்தான் கூலி. வேலை நேரம் என்று கண்டிப்பு இல்லை. சிலர் துணியை வீட்டுக்கே கொண்டுபோய்த் தைத்தார்கள். அப்படியும் அவர்கள் கடையின் ஊழியர்களே என்றது நீதிமன்றம். கடையில் அவர்கள் தைத்த மெஷின் முதலாளியுடையது, தையல் சரியில்லை என்றால் திருப்பிக் கொடுக்கும் அதிகாரமும் அவரிடமே இருந்தது என்பவை முக்கியக் காரணங்கள். 1978-ல் கோழிக்கோடு கயிறு ஆலை வழக்கில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் இன்னும் ஒரு படி மேலே போனார். நடுவில் கான்ட்ராக்டர் இருந்தாலும், தொழிலாளியின் பிழைப்பு யார் கையில் இருக்கிறதோ அவரே முதலாளி என்றார். அமெரிக்காவில்கூட, ஆண்டுக்கணக்கில் 'தற்காலிகம்' என்று வைத்திருந்தவர்கள் தொடுத்த வழக்கை முடிக்க மைக்ரோசாஃப்ட் 2000-ல் 9.7 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது.

ஊழியரைக் 'கன்சல்டன்ட்' என்று காட்டும் நிறுவனங்களைக் கண்டுபிடிப்பது ஒன்றும் கஷ்டமில்லை. ஒரே நிறுவனத்திடமிருந்து மாதாமாதம் அதே தொகையைக் 'கட்டணமாக' வாங்குபவர்கள் யார் யார் என்பது வருமான வரித்துறையின் டி.டி.எஸ். பதிவுகளிலேயே தெரியும். பி.எஃப். அமைப்பு அந்த விவரத்தை வாங்கிப் பார்த்து, அந்த நிறுவனங்களை விசாரிக்க வேண்டும். புகார் வரட்டும் என்று காத்திருந்தால் வராது. புகார் கொடுப்பவருக்கு அடுத்த ஒப்பந்தம் இருக்காது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி,
காரைக்குடி